விடுதலைப் பத்திரமா? அடிமைச் சாசனமா?

சங்கரன்கோவிலில், பத்திர எழுத்தர்கள் மேசை போட்டு அமர்ந்திருக்கும் தெருவொன்றில், ஆடி மாதத்து முற்பகல் ஒன்றில் நாம் நின்றுகொண்டிருந்தோம். போனது வேறு வேலையாக. கண்டது வேறு காட்சி!

பெஞ்சியிலே மூன்று பெண்கள். மூவரும் உடன்பிறந்தவர்கள். மூத்தவளுக்கு அறுபது வயதிருக்கும். ஆயுளெல்லாம் பீடி சுற்றியதால் இலைக்கறை ஏறிக் கறுத்த விரல்கள். நடுவில் இருந்தவள் தறிக்கூடத்தில் தார் சுற்றுகிறவள். புடவை மடிப்பிலே நூல் பிசிறு ஒட்டியிருந்தது. இளையவள் மடியில் பேரப்பிள்ளை. எதிரே, அவர்களுடைய ஒரே தம்பி. கையிலே கனத்த கைப்பை, முகத்திலே கனிந்த சிரிப்பு, இடுப்பிலே கரைவேட்டி. ஆம் தோழர்களே, நம்முடைய கரைதான்!

"எக்கா, வேற ஒண்ணுமில்ல. அப்பா பேர்ல கெடக்குற பட்டாவை மாத்தணுமாம். அதுக்கு உங்க மூணு பேர் கையெழுத்தும் வேணும்ங்காங்க. சும்மா ஒரு சம்பிரதாயம்!"

"இதுல என்ன எழுதியிருக்குப்பா?" என்று கேட்டாள் மூத்தவள்.

எழுத்தர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தார். மேற்படி சொத்தில் தங்களுக்குரிய பாகத்தைத் தம்பிக்கு விடுதலை செய்து கொடுப்பதாகவும், இனிமேல் அதில் தங்களுக்கோ தங்கள் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் கிடையாது என்றும் படித்தார். மூத்தவள் தலையை ஆட்டினாள். "நாங்க என்ன, தலையில தூக்கிட்டா போகப்போறோம்? நல்லது பொல்லாததுக்கு எங்களைக் கூப்பிடு, அது போதும்" என்றாள். மூவரும் ஒப்பமிட்டார்கள், மூவருக்கும் கைரேகை எடுக்கப்பட்டது, ஆளுக்கொரு புடவை கொடுக்கப்பட்டது, காப்பி வாங்கிக் கொடுக்கப்பட்டது. முடிந்தது காரியம்! மூன்று பெண்களின் தந்தை வழி உரிமை, மூன்று புடவைக்கும் மூன்று குவளைக் காப்பிக்கும் கைமாறிற்று.

அந்தத் தாளுக்கு என்ன பெயர் தெரியுமா? விடுதலைப் பத்திரம்!

விடுதலை! எப்பேர்ப்பட்ட சொல்! எத்தனை பேர் சிறை புகுந்து சிறப்பளித்த சொல்! பெரியார் தம் நாளேட்டின் நெற்றியிலே பொறித்த சொல்! அதைக் கொண்டுபோய் எங்கே ஒட்டியிருக்கிறார்கள் பார்த்தீர்களா? ஒருத்தி தன் பங்கை இழக்கும் இடத்தில்! யாருக்கு விடுதலை? எதிலிருந்து விடுதலை? தமக்கைக்குப் பங்கு தரவேண்டும் என்ற கடமையிலிருந்து தம்பிக்கு விடுதலை! அதுதானே பொருள்?

இந்தக் காட்சியை நாம் ஏன் இன்று எழுத வருகிறோம்? சொத்தில் இதுவரை இடமில்லாதவர்களுக்கு இடம் தரவேண்டும் என்பதற்காக அரசுகள் செய்யும் முயற்சிகளைப் பற்றி ஆங்காங்கே கேள்விகள் எழுகின்றன. "பெண் பெயரில் பத்திரம் பதிந்தால் கட்டணம் குறைவாமே! நல்ல யோசனையா, தேர்தல் யோசனையா?" என்று தேநீர்க் கடையிலே நம்மைக் கேட்கிறார்கள். கேட்பதிலே தவறில்லை. விடை சொல்லும் கடமை நமக்குண்டு. ஆனால் விடை சொல்லப் புகுந்தால், அது அரசு அலுவலகத்தோடு நிற்காது. நம் வீட்டு வாசலுக்கும் வரும். வரட்டும்!

செய்தி இதுதான். 2025 மார்ச் 14 ஆம் நாள் தமிழகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நிதிநிலை அறிக்கையில் ஓர் அறிவிப்பு வந்தது. 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு, மனை, விளைநிலம் ஆகிய அசையாச் சொத்துகளைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால், பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைக்கப்படும், 2025 ஏப்ரல் 1 முதல் இது நடப்புக்கு வரும் என்றார்கள், வந்தது. அப்போதைய கணக்கின்படி, விலைக்கு வாங்கும் சொத்துக்குத் தீர்வைகள் சேர்த்து 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 10 லட்ச ரூபாய் மனை என்றால் மொத்தம் 90,000. பெண் பெயரில் என்றால் 80,000. மிச்சம் 10,000 ரூபாய்.

"ப்பூ! பத்தாயிரம்தானா?" என்பார் பணக்காரர். தறி ஓட்டுகிற தோழர் அப்படிச் சொல்லமாட்டார். பத்தாயிரம் ரூபாய் என்பது பாவு எத்தனை ஓட்டினால் கைக்கு வரும் என்பது அவருக்குத் தெரியும். வீடு கட்ட வானம் தோண்டுகிறவனுக்கு அது சில மூட்டைச் சிமெண்ட், நிலைக்கதவு, வயரிங் கூலி.

வேறு மாநிலங்களும் இந்த வழியில் நடந்திருக்கின்றன. டில்லியில் ஆணுக்கு முத்திரைத்தீர்வை 6 விழுக்காடு, பெண்ணுக்கு 4 என்று வைத்தார்கள். ஜார்க்கண்டில் 2017 இல், பெண் வாங்கும் வீட்டுக்கு ஒரு ரூபாய் கட்டினால் போதும் என்றார்கள். 2020 இல் அதை எடுத்துவிட்டார்கள். கஜானா காய்ந்தால் முதலில் கழிக்கப்படுவது பெண்ணின் சலுகை! தமிழகத்துச் சலுகைக்கும் அந்தக் கதி நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான். சலுகை கொடுத்த அன்று கைதட்டினால் மட்டும் போதாது.

சரி, சலுகைக்காகப் பெண்சாதி பெயரில் பத்திரம் எழுதிவிட்டால் சமத்துவம் வந்துவிடுமா? வராது என்று சிலர் சொல்கிறார்கள். "பேர் அவளுக்கு, சாவி இவனுக்கு! பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி, பெட்டிச் சாவியைத் தன் அரைஞாணில் முடிந்துகொள்வான் புருஷன்" என்கிறார்கள். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். அந்தப் பெட்டியைத் திறந்து, பத்திரத்தை எடுத்து, சீட்டுக் கடனுக்கும் சாராயக் கடனுக்கும் ஈடு வைக்க அவன் ஓடும்போது, யாருடைய கையெழுத்து வேண்டும்? அவளுடையது! அந்த ஒரு கணத்தில், "மாட்டேன்" என்று சொல்லும் வாய் அவளுக்குக் கிடைக்கிறது. வாயற்றவளாக வளர்க்கப்பட்டவளுக்கு அந்த ஒரு சொல் சிறிதா?

ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. அண்டையிலே, திருவனந்தபுரம் மாவட்டத்தில், பிரதீப் பாண்டா, பினா அகர்வால் என்ற இரு ஆய்வாளர்கள் ஏறத்தாழ 500 பெண்களிடம் கேட்டு எழுதி, 2005 இல் வெளியிட்டார்கள். வீடும் இல்லாமல் நிலமும் இல்லாமல் இருந்த பெண்களில் நூற்றுக்கு 49 பேர் கணவனிடம் அடிபட்டிருந்தார்கள். வீடும் நிலமும் தன் பெயரில் உடைய பெண்களில் நூற்றுக்கு 7 பேர். நாற்பத்தொன்பது எங்கே, ஏழு எங்கே! ஓங்கிய கை தாழ்ந்ததற்குக் காரணம் உபதேசமா? இல்லை. அடித்தால் அவள் போக ஓர் இடம் உண்டு என்ற நினைப்பு! அடிப்பவனுக்கும் அந்த நினைப்பு, அடிபடுபவளுக்கும் அந்த நினைப்பு.

எனவே சலுகையை நாம் வரவேற்கிறோம். ஆனால் அதன் எல்லையையும் சுட்டிக் காட்டுகிறோம். இது வாங்குகிறவளுக்கான சலுகை. கையிலே பணம் இருந்தால்தான் வாங்க முடியும். ஆனால் இந்த நாட்டிலே நிலம் பெரும்பாலும் வாங்கப்படுவதில்லை, பிறப்பால் வருகிறது. அப்பனிடமிருந்து மகனுக்கு வருகிறது. அந்த வாய்க்காலிலே பெண்ணுக்கு மடை திறக்காமல், விலைக்கு வாங்குகிற குடத்துத் தண்ணீருக்கு மட்டும் தள்ளுபடி கொடுத்தால், வயல் எப்படி நனையும்? 2015-16 இல் எடுத்த வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுவதும் நிலக் கைப்பற்றுகள் நூற்றில் ஏறத்தாழ 14 தான் பெண்கள் கையில். களை பறிப்பவர் யார்? நாற்று நடுபவர் யார்? பருத்தி எடுப்பவர் யார்? நம் கரிசல் காட்டிலும் செவக்காட்டிலும் போய் நின்று எண்ணிப் பாருங்கள். குனிந்த முதுகெல்லாம் பெண் முதுகு. பட்டாவிலே மட்டும் பெண் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டும்!

சட்டம் இல்லையா? இருக்கிறது! அதுதான் வேதனை. சட்டம் இல்லாத காலத்திலே கேட்டுப் போராடியவர்கள் நாம். சட்டம் வந்த பிறகு கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பவர்களும் நாம்!

நினைவூட்டுகிறோம். 1929 பிப்ரவரி 17, 18. செங்கற்பட்டு. சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு. பெண்களுக்கு ஆண்களோடு சமமாகச் சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அந்த நாளில் கேட்டவர்கள் சிரித்தார்கள். விதவைக்கு அவள் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் உரிமையைக்கூட 1937 ஆம் ஆண்டுச் சட்டம்தான் தந்தது. "வைத்துக்கொள், சாப்பிடு, விற்காதே, கொடுக்காதே" என்ற உரிமை! கடன் வாங்கிய நகையைப் போட்டுக்கொள்வதைப் போன்ற உரிமை!

விடுதலை பெற்ற இந்தியாவில் அண்ணல் அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பைக் கொண்டுவந்தார். மகளுக்குப் பங்கு என்ற சொல்லைக் கேட்டதும் பழமைவாதிகள் கொதித்தெழுந்தார்கள். மசோதா முடங்கியது. 1951 செப்டம்பரில் அவர் அமைச்சர் பதவியை உதறிவிட்டு வெளியேறினார். அதற்கு அவர் சொன்ன காரணங்களில் இது தலையானது. பிறகு 1956 இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அப்பன் தானாகத் தேடிய சொத்தில், உயில் எழுதாமல் அவன் இறந்தால், மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு என்றது. ஆனால் பூர்விகச் சொத்து என்ற கோட்டைக்குள் பெண்ணை விடவில்லை. அங்கே ஆண் பிள்ளை பிறக்கும்போதே பங்காளி. பெண் பிள்ளை பிறக்கும்போதே விருந்தாளி!

இடையிலே நம் வீட்டுச் சங்கதி ஒன்று. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953 இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதே, அந்த வழக்கு எதைப் பற்றியது? தாலியைப் பற்றியதா, ஐயரைப் பற்றியதா? சொத்தைப் பற்றியது! திருமணம் செல்லாது என்றால் பிள்ளைக்குப் பங்கில்லை. அண்ணா ஆட்சிக்கு வந்த 1967 இல் அந்தத் திருமணங்களுக்குச் சட்டத் தகுதி கொடுத்தாரே, அது மேடைக்கு அழகு சேர்ப்பதற்கல்ல. எத்தனையோ மனைவிமாருக்கும் மக்களுக்கும் வாரிசுரிமையை மீட்டுக் கொடுத்த செயல்.

பூர்விகச் சொத்தின் கோட்டை உடைந்தது 1989 இல். கலைஞர் ஆட்சி. அந்த ஆண்டு மார்ச் 25 முதல், மகளும் மகனைப் போலப் பிறப்பாலேயே பங்காளி என்று தமிழ்நாட்டில் சட்டம். செங்கற்பட்டுத் தீர்மானத்துக்கு அறுபது ஆண்டு கழித்து! ஆந்திரத்தில் என்.டி.ராமாராவ் இதை 1985 இலேயே நடப்பாக்கிவிட்டார். முந்திக்கொண்டவர் அவர் என்பதைச் சொல்ல நமக்கு வெட்கமில்லை. நல்ல காரியத்தை யார் முதலில் செய்தாலும் நல்லது.

அந்தச் சட்டத்திலே ஒரு குறை இருந்தது. 1989 மார்ச் 25 க்கு முன்பே மணமாகிப் போனவளுக்குப் பங்கில்லை என்று ஒரு விலக்கு. இந்த விலக்கைத்தான் இன்றும் நம் ஊர்களில் வேதவாக்காகச் சொல்லித் திரிகிறார்கள். "அக்காவுக்கு எண்பத்தஞ்சிலேயே கல்யாணம் முடிஞ்சிட்டு, அவளுக்குப் பங்கு கிடையாது" என்று பஞ்சாயத்திலே பெரிய மனிதர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். தவறு! முழுத் தவறு! 2005 செப்டம்பர் 9 முதல் இந்தியா முழுமைக்கும் வந்த திருத்தம் அந்த விலக்கை ஒதுக்கித் தள்ளிவிட்டது. எப்போது மணமானாலும் மகள் மகள்தான். "அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும்" என்று வக்கீல்கள் சிலகாலம் வாதாடினார்கள். 2020 ஆகஸ்ட் 11 இல் உச்சநீதிமன்றம், பிறப்பால் வரும் உரிமைக்குத் தகப்பன் உயிரோடிருந்தாரா என்ற கேள்வி எதற்கு என்று சொல்லி அதையும் தீர்த்துவிட்டது. 2004 டிசம்பர் 20 க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்து முடிந்துபோன சொத்தை மட்டும் மீண்டும் கிளற முடியாது. மற்றபடி பங்கு பங்குதான். கிறித்தவக் குடும்பங்களுக்கு 1925 ஆம் ஆண்டுச் சட்டப்படி மகனும் மகளும் சமம். இசுலாமியக் குடும்பங்களில் மகனுக்கு இரண்டென்றால் மகளுக்கு ஒன்று. எந்தச் சட்டத்திலும் மகளுக்கு ஒன்றுமில்லை என்று இல்லை!

இதை வெட்டி எடுத்துப் படிப்பகத்திலே ஒட்டி வையுங்கள் தோழர்களே. கிளைக் கூட்டத்திலே படித்துக் காட்டுங்கள்.

இனி, நம்மவர்கள் சொல்லும் சமாதானங்களைப் பார்ப்போம். நாமும் ஒரு காலத்தில் சொன்னவைதாம் அவை. ஆகையால் மனப்பாடமாகத் தெரியும்.

"நகை போட்டோம், சீர் செய்தோம், கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கினோம், அதுவே அவள் பங்கு!" அப்படியா? வரதட்சணை 1961 லேயே சட்டப்படி குற்றம். குற்றத்தைச் செய்துவிட்டு அதைக் கணக்கிலும் காட்டுகிறீர்களா? அந்த நகை இன்று எங்கே? நூல் வாங்கப் பணம் இல்லாதபோது அடகுக் கடைக்குப் போயிற்று. மச்சான் வெளிநாடு போக விசாவுக்குப் போயிற்று. வட்டி கட்ட முடியாமல் முழுகிப் போயிற்று. அவளுக்குப் போட்டது அவளிடம் இல்லை. உங்களுக்கு வந்த ஐந்து சென்ட் மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது, விலையும் ஏறியிருக்கிறது!

"பெற்றவர்களைப் பார்ப்பது மகன்தானே?" யார் சொன்னது? முதியோரைப் பேண 2007 இல் வந்த சட்டம் மகனையும் கூப்பிடுகிறது, மகளையும் கூப்பிடுகிறது. ஆஸ்பத்திரியில் தாயின் படுக்கைக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பவள் பெரும்பாலும் யார் என்று போய்ப் பாருங்கள். கடமையிலே சமபங்கு, உடைமையிலே கைவிரிப்பா?

"பெண்ணுக்கும் பிரித்தால் நிலம் துண்டு துண்டாகும்." ஓகோ! நான்கு அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டால் துண்டாகாத நிலம், ஒரு தங்கை வந்தால்தான் துண்டாகுமா? வரப்புக்குக்கூட ஆண் பெண் தெரியுமா என்ன?

"கேட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துபோகும்." இதுதான் கடைசிப் பாணம், இதுதான் ஆழமாகத் தைக்கும் பாணம். சட்டம் தெரிந்த பெண்ணும் இதற்குத்தான் அஞ்சுகிறாள். பங்கைக் கேட்டால் மதினி முகம் திருப்புவாள், பொங்கல் படி வராது, பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி கிடைக்காது. பாசத்தை ஈடாகப் பிடித்து வைத்துக்கொண்டு பங்கை மீட்டுப் போகிறோம் நாம். ஈட்டிக்காரனாவது பொருளைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்பான். நாம் உறவைப் பிடித்து வைத்துக்கொள்கிறோம்!

சங்கரன்கோவில் தெருவில் நின்றபோது நமக்கு இன்னொன்றும் தோன்றிற்று. ஆடித்தபசுக்காக ஊரே திரண்டு வரும் தலம் அது. அரியும் அரனும் ஒன்று என்று காட்ட, இரண்டு ஆண் தெய்வங்கள் ஓருடம்பைப் பாதிக்குப் பாதி பங்கிட்டுக்கொண்டு நிற்பதாகக் கதை. அதைக் காணத் தவமிருந்தவள் யார்? கோமதி! பங்கு போட்டுக்கொண்டவர்கள் ஆண்கள்; ஒற்றைக் காலில் நின்றவள் பெண்! கதையை நம்புகிறவர்கள் நம்பட்டும். அதிலே நம் குடும்பத்து நியாயமே இருக்கிறதே என்பதுதான் நம் வியப்பு.

அப்பனுக்கே நிலமில்லாத வீட்டில் மகளுக்கு எதைப் பிரிப்பது? இந்தக் கேள்வியையும் மறக்கக் கூடாது. சேரிக்கும் ஊருக்கும் நடுவே கோடு கிழித்த நாடு இது. 1892 இல் வெள்ளைக்கார அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அதிலே எவ்வளவு அவர்கள் கையைவிட்டுப் போயிற்று என்பது ஊரறிந்த கதை. பண்ணையார் நிலத்திலே குடிசை போட்டவன் பண்ணையார் கண் சிவந்தால் பெயர்த்துக்கொண்டு ஓட வேண்டும் என்ற நிலையை மாற்றியது 1971 ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம். குடியிருந்த மனையை அவனுக்கே உரிமையாக்கியது. 1998 இல் மேலக்கோட்டையில் தொடங்கிய சமத்துவபுரம், நூறு வீட்டில் நாற்பது ஆதிதிராவிடருக்கு என்று வகுத்து, ஒரே தெருவில் எல்லோரையும் குடிவைத்தது. 2023 இல் வந்த நன்னிலம் திட்டம், நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடி உழைப்பாளிப் பெண்கள் நிலம் வாங்க, விலையில் பாதி, 5 லட்சம் வரை மானியம் என்றது. முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் வேண்டாம் என்றது. கூலிக்காரியைப் பட்டாதாரி ஆக்கும் திட்டம்! நம் தொகுதி தனித்தொகுதி. எத்தனை கிளைச் செயலாளர்கள் எத்தனை பெண்களுக்கு இதன் மனுவை எழுதிக் கொடுத்தீர்கள்? திட்டம் கோட்டையில் பிறக்கும்; தெருவுக்குத் தூக்கி வர ஆள் வேண்டும்.

அரசுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 10 லட்சம் என்ற வரம்பு கிராமத்துக்குக் காணும். கடைத்தெருவை அடுத்த ஒரு வீட்டுக்குக் காணாது. வாடகை வீட்டில் இருந்து பாடுபட்டு ஒரு வீடு வாங்க நினைக்கும் செவிலிக்கும் ஆசிரியைக்கும் எட்டும்படி அதை உயர்த்த வேண்டும். அடுத்து, இந்த விடுதலைப் பத்திரம். குடும்பத்தாருக்குள் எழுதும் பத்திரங்களுக்குத் தீர்வை குறைவு, அதற்கு உச்சவரம்பும் உண்டு. நல்லது, குடும்பங்களுக்கு உதவி. ஆனால் தம்பிக்கு அக்காள் எழுதிக் கொடுக்கும்போது, "உனக்குச் சட்டப்படி இவ்வளவு பங்கு உண்டு, அதன் அரசு மதிப்பு இவ்வளவு, தெரிந்துதான் கொடுக்கிறாயா?" என்று பதிவு செய்பவர் அவளைத் தனியே அழைத்து, தம்பி இல்லாத அறையிலே, தமிழிலே, தொகையோடு கேட்கட்டும். அவள் "தெரியும், கொடுக்கிறேன்" என்றால் கொடுக்கட்டும். அது அவள் பெருந்தன்மை. தெரியாமல் கொடுத்தால் அது நம் திருட்டு.

திருட்டு என்ற சொல் சுடுகிறதா? எழுதுகிற நம்மையும் சுடத்தான் செய்கிறது. பிறருக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போகும் எண்ணம் நமக்கு இல்லை. நம் வீட்டிலும் ஒரு விடுதலைப் பத்திரம் உண்டு. தந்தை மறைந்த ஆண்டிலே, வீட்டையும் அதை ஒட்டிய தறிக்கூடத்தையும் நம் பெயருக்கு மாற்றியபோது, தங்கையை அழைத்துக் கையெழுத்து வாங்கினோம். அன்று மாலை பெண்ணுரிமை பற்றி ஒரு கூட்டத்தில் பேசினோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கைதட்டல் பலமாக இருந்தது. தங்கையும் கூட்டத்துக்கு வந்திருந்தாள்; பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கைதட்டினாள்.

மூன்று அக்காமார் பெஞ்சியில் அமர்ந்திருந்ததைக் கண்ட அந்த ஆடிக் காலையில் நாம் போன வேலை என்ன என்று தொடக்கத்தில் சொல்லவில்லை. தறிக்கூடத்தின் மேல் ஒரு கடன் வாங்குவதற்காக வில்லங்கச் சான்றுக்கு மனுப் போடப் போயிருந்தோம். மனுவைப் போடாமலே திரும்பினோம். அடுத்த வாரம் அதே தெருவுக்குப் போய், வீட்டில் பாதியைத் தங்கை பெயருக்கு எழுதி வைக்க என்ன செலவாகும் என்று விசாரித்தோம். எழுத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்மை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "தங்கச்சிக்கு எழுதி வைக்கிறதா? வழக்கமா இந்தப் பக்கம் வர்றவங்க வாங்கத்தான் வருவாங்க அண்ணாச்சி" என்றார்.

தங்கையிடம் சொன்னோம். முதலில் அழுதாள். பிறகு, "மதினிக்குச் சம்மதமாண்ணே?" என்று கேட்டாள். சம்மதம்தான், ஏனெனில் அவளும் தன் அண்ணன்மாருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தவள். மைத்துனர்தான், "எதுக்கு மாப்ளே, ஊர் என்ன பேசும்?" என்று இழுத்துக்கொண்டிருக்கிறார். பதிவுக்கு நாள் குறித்தாயிற்று. புடவை எடுக்கவில்லை, காப்பி மட்டும் உண்டு.